பதினேழு நாள் தள்ளிப்போனது

மார்ச் 3

வாலு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது நான்தான். ஏதோ கோளாறு என்று நினைத்து உன் மாமாவுக்கு அடித்து அவரைத் தொந்தரவு செய்யாதே. போனில் பேசினால் உன் குரல் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பத்தே நிமிடத்தில் நான் உன்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். காகிதத்தில் உனக்குக் குரல் கிடையாது.

நீ அனுப்பிய ஏழு டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு, “என் தங்கச்சி தனியா ஒரு மணி நேரம் நடிக்கிறா, மேடையில வேற ஆளே கிடையாது” என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பீற்றிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது என் தப்பு. என்ன கதை என்று கேட்டார்கள். “ஒரு பொண்ணு தன் விஷயத்துல தானே ஒரு முடிவு எடுக்குற கதை” என்று நீ எனக்குச் சொன்னதையே சொன்னேன். அந்தப் பெண் நீதான் என்று நீ சொல்லவில்லை. அந்த முடிவு பதினொரு வருஷத்துக்கு முன்னால் நீ செய்துகொண்ட கருக்கலைப்பு என்றும் சொல்லவில்லை. அதில் நானும் வருவேன் என்று ஒரு வார்த்தை கிடையாது.

நான் கண்ணாடியைத் துடைப்பது, துடைத்ததையே மறுபடி துடைப்பது, தலையைச் சாய்த்து “சரி விடு” என்பது எல்லாம் அப்படியே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த நிமிடம் நீ விளக்குக்கு அடியில் நின்று, “மூணு தடவை கரு தங்காமப் போன என் அக்காதான் என்னைக் கலைக்கக் கூட்டிட்டுப் போனா” என்றாய். நான் வேலை செய்யும் கண் பிரிவில் யாருக்கும் அது தெரியாது. இப்போது எல்லாருக்கும் தெரியும். சாவு வீட்டில் பேசுவது மாதிரி என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். பார்வை சோதிக்கும் அட்டையை எடுத்துக் கொடுக்கும்போதுகூட, “பரவாயில்ல, நாங்க மாட்டுறோம், நீங்க உக்காருங்க” என்கிறார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. அந்த ஆறு பேரில் ஒருவர் டோக்கன் அம்மா. முப்பது வருஷமாகப் பதிவு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாரே, அவரேதான். கழுத்துச் சங்கிலியில் கண்ணாடியைத் தொங்கவிட்டு நீ “டாக்டர் லீவு! அடுத்த மாசம் வா! ம்ம்… அடுத்தது!” என்றபோது முதலில் அவரும் சிரித்தார். அப்புறம் கூட்டம் ‘ச்சீ’ என்றது. அவர் தன் கண்ணாடியைச் சங்கிலியோடு கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். முடியும்வரை நான் இருக்கவில்லை.

மறுநாள் வந்து கேட்டார். “ஏம்மா, உன் தங்கச்சிய நானா திருப்பி அனுப்புனேன்? எனக்கு ஞாபகமே இல்லையே.”

அந்தக் காட்சியை எடுத்துவிடு.

அக்கா


மார்ச் 9

அக்கா,

காகிதத்தில் எனக்குக் குரல் கிடையாதா? சரி, பார்ப்போம்.

முதலில் தப்பை ஒத்துக்கொள்கிறேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்றால் என்னால் நாடகத்தையே போட முடியாது. கேட்காததற்கு அதுதான் காரணம். கோழைத்தனம்தான். உன்னுடைய மூன்று இழப்பையும் மேடையில் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்த வரியை எடுத்துவிடுகிறேன்.

ஆனால் மற்றதெல்லாம் எனக்கு நடந்தது. இருபத்துமூன்று வயதில், என் உடம்பில். எட்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இரண்டு வருஷம் எழுதி எழுதிக் கிழித்து உண்டாக்கியது. அறுபது தடவை மேடையேறியிருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் முடிந்ததும் ஒப்பனை அறை வாசலில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். போன வாரம் ஒரு டீச்சர் வந்தார், ஐம்பது வயதிருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கும்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்!

டோக்கன் அம்மா காட்சியை எடுக்கமாட்டேன். அவரை ஒரே ஒரு முறை, ஆபரேஷன் அன்றைக்குத்தான் பார்த்தேன். சங்கிலியும் அந்த ‘ம்ம்… அடுத்தது’ம் அங்கே பிடித்ததுதான், மாற்றிவிடலாம். அந்த அம்மாவுக்கு அது இன்னொரு டோக்கன். எனக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். ஏழு வாரத்தில் உன்னிடம் வந்து நின்றேன். அப்போதே தேதி கிடைத்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும். டாக்டர் லீவு என்று பதினேழு நாள் தள்ளிப்போட்டதில் மாத்திரைக்கான கெடு தாண்டி, மயக்க மருந்து, கருவி, ரத்தப்போக்கு, இரண்டு நாள் வார்டு. நீ மூன்று தடவை போய்க் கேட்டும் அந்த மேசை அசையவில்லை. அந்த இடத்தில்தான் கூட்டம் கொதிக்கிறது. கொதிக்கட்டும்.

அந்தப் பதினேழு நாளில் நீ என்னைத் தாங்கியதையும் சொல்கிறேனே! பால் காய்ச்சிக் கொடுத்தது, ஒரு பையைக்கூடத் தூக்கவிடாதது. அதைச் சொல்லும்போது எனக்கு ஒருநாளும் நடிக்க வேண்டியதில்லை.

உன் எண்ணுக்கு இன்றும் அடித்துப் பார்த்தேன்.

வாலு


மார்ச் 15

வாலு,

அந்தக் காட்சியை எடு. காரணம் கேட்காதே.

டோக்கன் அம்மா மே மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறார். இப்போது மதிய இடைவேளையில் சாப்பிடாமல், பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் அறைக்குப் போய்விடுகிறார். பதினொரு வருஷத்துக்கு முந்தைய கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். தூசி ஒத்துக்கொள்ளாமல் கண் சிவந்து, என்னிடம்தான் சொட்டு மருந்து கேட்டு வந்தார். “தப்பு என் மேல இருந்தா அந்தப் பொண்ணு கால்ல விழுந்துடலாம்மா. இல்லைன்னாலும் தெரிஞ்சுக்கணும்ல? முப்பது வருஷத்துக்கு ஒரு பேருன்னு இருக்குல்ல?” என்றார். நான் மருந்து விட்டேன். ஒரு சொட்டு கண் தப்பிக் கன்னத்தில் விழுந்தது.

அவர் தேடக் கூடாது. நீ அதை எடுத்துவிட்டால் நிறுத்திவிடுவார்.

கேட்டதைச் செய்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

என்ன இது, மேலதிகாரி அனுப்பிய சுற்றறிக்கை மாதிரி? ‘கேட்டதைச் செய்’யா? எனக்கு முப்பத்துநாலு வயது.

நீ ஏன் எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கட்சியிலேயே நிற்கிறாய்? அப்போதும் இதைத்தான் செய்தாய். அதே கட்டிடத்தில் வேலை பார்த்தவள், ஒரு சண்டை போட்டிருந்தால் நாலே நாளில் தேதி வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் வந்து, “இன்னைக்கும் கேட்டேன்டி, டாக்டர் இன்னும் வரலையாம்” என்பாய். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். உன்னைத் திட்டத் தோன்றும். திட்டமாட்டேன். உன் நிலைமை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அறுபத்தோராவது தடவை போடுகிறோம். அன்றைக்கு முழுசாக வீடியோ எடுக்கிறார்கள். இயக்குநரிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். “அந்தக் காட்சிதான்டி முதுகெலும்பு, அதை உருவிட்டா எப்படி நிக்கும்?” என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

எடுக்க வேண்டும் என்றால் காரணம் சொல். அந்த அம்மா தேடினால் தேடட்டுமே, அதில் உனக்கு என்ன?

வாலு


மார்ச் 27

வாலு,

இது ஐந்தாவது முறை எழுதுவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

டாக்டர் லீவில் போகவில்லை.

நீ என்னிடம் வந்த மறுநாள் காலையிலேயே நான் பதிவு மேசைக்குப் போனேன். டோக்கன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உன் பெயரை எழுதிக்கொண்டு, “வியாழக்கிழமை வரச் சொல்லு, வெறும் வயித்துல வர வேண்டியதில்ல” என்று டோக்கனைக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாக இருந்தது. கையில் டோக்கனோடு மாடியேறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றேன். அங்கே நின்று அதைக் கிழித்தேன்.

எனக்கு மூன்றாவது தடவையும் தங்காமல் போய் அப்போது நாலு மாதம். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையைச் சொல்கிறேன். நான் அழவில்லை, பைத்தியம் பிடிக்கவும் இல்லை. லென்ஸ் நம்பர் போடுவது போல நிதானமாகக் கணக்குப் போட்டேன். ஒன்பது வாரம் தாண்டினால் மாத்திரை கிடையாது. ஆபரேஷன் என்றால் உனக்குப் பயம், ஊசிக்கே ஓடுகிறவள். இன்னும் கொஞ்ச நாள் இழுத்தால் நீயே ஒருநாள், “சரிக்கா, நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிடுவாய். உன் மாமாவுக்குக்கூடத் தெரியாது. மூன்று தடவை போய்க் கேட்டதாகச் சொன்னேனே, மூன்று தடவையும் கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பதினேழு நாள் பணிவிடையை நீ மேடையில் உருகி உருகிச் சொல்கிறாய். பால் கொடுத்தேன், படியிறங்காதே என்றேன், பையைத் தூக்காதே என்றேன். யோசித்துப் பார். கலைக்கப் போகிறவளிடம் யாராவது கனம் தூக்காதே என்று சொல்வார்களா? நான் பார்த்துக்கொண்டது உன்னை இல்லை.

பதினாறாம் நாள் நீ என் சமையலறையில் நின்று, “அக்கா, என்னை உள்ள வச்சு யாரோ பூட்டிட்டாங்க மாதிரி இருக்கு. சாவியை யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல” என்றாய். நீ அழக்கூட இல்லை. தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாய். அன்று மதியமே போய் மறுநாளைக்குத் தேதி வாங்கினேன். அதன் பிறகு நடந்ததெல்லாம் உனக்கு நடந்தது. வார்டில் கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லைன்னா நான் செத்திருப்பேன்க்கா” என்றாய். நாடகத்தில் அந்த வரிக்கு எல்லாரும் அழுகிறார்கள். நான் எழுந்து வெளியே போனது அந்த வரியில்தான்.

நேற்று டோக்கன் அம்மா பதிவேட்டைக் கண்டுபிடித்துவிட்டார். உன் பெயர், வியாழக்கிழமை தேதி, பக்கத்தில் சிவப்பு மையில் ‘வரவில்லை’. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். “நான் தேதி குடுத்திருக்கேன்மா. உன் தங்கச்சிதான் வரல. பாவம், அதுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க” என்றார். என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பதிவேட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்டு இதில் எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 2

படித்தேன். இப்போதைக்கு எழுத ஒன்றுமில்லை. போன் எண்ணை விடுவித்திருக்கிறாய் என்று தெரிகிறது. இனி நீ அடித்தாலும் நான் எடுக்கமாட்டேன்.


ஏப்ரல் 14

அக்கா,

அக்கா என்று எழுதியது பழக்கத்தில்தான்.

பன்னிரண்டாம் தேதி போட்டோம். ரத்து செய்யச் சொல்லிக் கெஞ்சினேன், முடியவில்லை. மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் இரண்டு கேமரா. முதல் அரை மணி நேரம் என் உடம்பே பார்த்துக்கொண்டது. அறுபது தடவை செய்த உடம்பு அல்லவா! அப்புறம் மேசை வந்தது. வழக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சங்கிலிக் கண்ணாடியை மாட்டுவேன். நாற்காலியைத் திருப்பினேன். கண்ணாடியை எடுக்க முடியவில்லை. நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீடியோவில் பார்த்த இயக்குநர் நாற்பது செகண்ட் என்கிறாள். மேடையில் அது ஒரு ஜென்மம்.

பிறகு சொன்னேன். “டாக்டர் லீவு இல்ல. அந்தம்மா டோக்கன் குடுத்தாங்க. அது என் கைக்கு வரல.”

முன் வரிசையில் ஒருத்தி, “யாரு?” என்று கேட்டுவிட்டாள், வாய் தவறி. எனக்கு வசனம் இல்லை. எழுதியவளும் நான், நடிப்பவளும் நான், எனக்கே வசனம் இல்லை! நேராக ஆபரேஷன் காட்சிக்குத் தாவினேன். வார்டில் உன் கையைப் பிடிக்கும் இடம் வந்ததும் விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டேன். ஒன்பது நிமிடம் முன்னாலேயே முடிந்துவிட்டது. கைதட்டல் வந்தது. எதற்கு என்று தட்டுகிறவர்களுக்கே தெரியாத கைதட்டல். இயக்குநர் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

எனக்கு எது தாங்கவில்லை தெரியுமா? பொய் சொன்னாய் என்பதில்லை. பதினேழு நாளும் இல்லை. வலிகூட இல்லை. அப்போது என் வயிற்றைப் பற்றி ஊரில் எல்லாரிடமும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அதற்குக் காரணமானவனிடம் இருந்தது, அவன் அம்மாவிடம் இருந்தது, ஸ்கேன் எடுத்த பெண்ணின் முகத்தில்கூட இருந்தது. உன் ஒருத்தியிடம்தான் இல்லை என்று நம்பினேன். அந்த நம்பிக்கையின் மேல்தான் நாடகத்தையே கட்டினேன். ‘உலகமே எதிராக நின்றபோது ஒருத்தி மட்டும் கேள்வி கேட்காமல் கூட வந்தாள்’ என்று அறுபது மேடையில் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுத் தன் அக்காவிடம் போய்ச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

நீ வாயைத் திறந்து, “எனக்குப் பெத்துக் கொடுடி” என்று கேட்டிருக்கலாம். இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாக இல்லை என்று சொல்லியிருப்பேன். நீ தரையில் விழுந்து அழுதிருந்தாலும். அதற்காக ஆயுசுக்கும் உன் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டிருப்பேன். ஆனாலும் அந்த ‘இல்லை’ என்னுடையது. அதைச் சொல்லக்கூட நீ என்னை விடவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கலைத்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. உன் கடிதத்தின் அடியில் எங்காவது அந்தக் கேள்வி ஒளிந்திருந்தால், இதுதான் பதில்.

டோக்கன் அம்மாவிடம் நீயே சொல். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது நானும்தான். அதை நான் நேரில் வந்து செய்துகொள்கிறேன்.


ஏப்ரல் 22

வாலு,

சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு அறையில். அவர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். நான் உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசுவேன் என்று தெரியும். முழுவதும் கேட்டார். டப்பாவை மூடினார்.

“சிவப்பு மையைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்” என்றார். “நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். மூணு வாரம் ஆயிருச்சு.”

“மன்னிச்சிடுங்கம்மா.”

“என்கிட்ட எதுக்கு? நீ கிழிச்ச டோக்கன் என்னோடதா?” என்றார். பிறகு, “ஒரு மாசமா என்னை நானே திட்டிக்கிட்டு அலைஞ்சேன் பாரு, அதுக்கு வேணா கேளு” என்றார். கேட்டேன். இப்போதெல்லாம் கண் பிரிவுக்கு வரவேண்டிய காகிதங்களை வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறார்.

உன் மாமாவிடமும் சொன்னேன். காலையில் அவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது. கட்டியதை அவிழ்த்து, மறுபடி கட்டினார். “என்கிட்ட அப்பவே சொல்லியிருந்தா நான் விட்டிருக்கமாட்டேன். அது தெரிஞ்சுதானே சொல்லல?” என்றார். ஆமாம் என்றேன். வேலைக்குப் போனவர் சாயங்காலம் வழக்கம்போல வந்தார். பேசுகிறார். காய் வாங்கணுமா, கேஸ் தீர்ந்ததா என்ற அளவுக்குப் பேசுகிறார்.

நான் செய்ததை நாடகத்தில் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள். சொல்வதென்றால் ஒன்று மட்டும். என்னை அழவைக்காதே. குழந்தை இல்லாத பாவப்பட்டவள் ஏதோ ஒரு வேகத்தில் செய்துவிட்டாள் என்று ஆக்காதே. வேகம் எல்லாம் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, எதிரே வந்த நர்சுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் கிழித்தேன். அப்படியே சொல். பார்ப்பவர்கள் ‘ச்சீ’ என்றால் அது என் பங்கு. டோக்கன் அம்மா அதை வாங்கிக்கொண்டது போதும்.

உன் ‘இல்லை’யைப் பற்றி எழுதியிருந்தாய். அதை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

அடுத்த மாதம் பக்கத்து ஊரில் உன் நாடகம் என்று சுவரொட்டி பார்த்தேன். வந்து கடைசி வரிசையில் உட்காரட்டுமா? டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன். கேட்டுவிட்டு வர நினைக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது.

அக்கா


மே 5

அக்கா,

வேண்டாம். வராதே.

இதை எழுதிவிட்டு ஒரு வாரம் மேசையிலேயே வைத்திருந்தேன். கூடவே காரணங்களையும் எழுதிப் பார்த்தேன். நீ உட்கார்ந்திருப்பது தெரிந்தால் உனக்காக நடிப்பேன், உன்னைக் காப்பாற்றி நடிப்பேன், அல்லது உன்னைக் கொல்வதற்காக நடிப்பேன் என்று என்னென்னவோ. எல்லாம் உண்மைதான். ஆனால் வேண்டாம் என்பதற்குக் காரணம் எதற்கு என்று அவற்றை அடித்துவிட்டேன்.

காட்சியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மாடித் திருப்பம் வரைக்கும் வந்துவிட்டேன். உன்னை மாதிரி நின்று பார்க்கிறேன், நர்சுக்கு வணக்கம் சொல்கிறேன், கிழிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் கிழித்துவிடுகிறேன். இயக்குநர், “மெதுவா, மெதுவா” என்று கத்துகிறாள். மெதுவாக வரமாட்டேன் என்கிறது. எரிச்சலில் நேற்று காகிதத்தைச் சுருட்டி அவள் மேல் எறிந்துவிட்டேன். அவள் அதை எடுத்துப் பிரித்து, “இன்னொரு வாட்டி” என்றாள்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி.

டோக்கன் அம்மா ரிட்டையர் ஆவதற்கு முன்னால், இருபத்தெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அவரைப் பார்க்கத்தான் வருகிறேன், உன்னை இல்லை. நீ கீழே வராதே. உன் அறையிலேயே இருந்து உன் வேலையைப் பார். திரும்பும்போது மாடியேறி உன் கதவைத் தட்டுவேனா என்று எனக்கே தெரியாது. தட்டினால் திற.

வாலு